அலமாரிக் கடல்

“இது கிடந்தப்ப எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?”

மூன்று வருடங்களுக்கு முன்னால் மியூசியம் மேடம் அவளிடம் கேட்டது இது. அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஒரு கையில் டீ தட்டு, இன்னொரு கையில் அன்று காலை குவாரியில் எடுத்து இன்னும் மண்கூடக் கழுவாத ஒரு சுருள்கல். விருந்தாளி வந்த அவசரத்தில் கல்லைக் கீழே வைக்க மறந்து அப்படியே வந்து நின்றுவிட்டாள். மேடம் டீயைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்தார்.

கேள்விகள் அவளுக்குப் புதிதல்ல. ஏன் சத்தமாகப் படிக்க மாட்டேன் என்கிறாய், வாய்க்குப் பூட்டா போட்டிருக்கிறது, நாளைக்கு ஒரு வீட்டில் போய் எப்படிப் பிழைப்பாய் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆய்வாளர் வந்த அன்று அவளை எழுந்து பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தாள். எழுத்துகள் எல்லாம் தெரிந்தன, குரல் மட்டும் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாள் வயிற்றுவலி, அதற்கப்புறம் காரணம் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் படிப்பு தானாக நின்றுபோனது. அன்றிலிருந்து குவாரிக் குடியிருப்பில் அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். வைத்தவர்களுக்கே கேலி மறந்துவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள் மட்டும் “இந்தப் பொண்ணா வாயாடி?” என்று ஒரு வாரம் குழம்புவார்கள்.

ஆனால் மேடம் கேட்டதற்கு உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் பதில் தெரியும். அந்தக் கல் குவாரியின் வெட்டுச் சுவரில் கிடந்ததைப் பார்த்த கண்கள் வேறு யாருக்கும் இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, கல்லைத் திருப்பி, அது கிடந்த விதமாகவே மேடத்தின் உள்ளங்கையில் வைத்தாள். மேடம் தலையசைத்து, பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கல்லின் மேல்பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு அவளுடைய அண்ணனிடம் பேசத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை அவள் தன் பழைய சமூக அறிவியல் நோட்டை எடுத்தாள். பாதிக்கு மேல் வெற்றுத்தாள். திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். என்ன தேதி, பாறை அடுக்கில் எந்தப் பட்டை, எந்தப் பக்கம் மேலே, பக்கத்தில் என்ன கிடந்தது, ஸ்கேல் வைத்தால் எத்தனை சென்டிமீட்டர். சமூக அறிவியல் தீர்ந்து கணக்கு நோட்டும் தீர்ந்து, இப்போது ஐந்தாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தும் ஓடாத தையல் மெஷினின் இழுப்பறைக்குள் இருந்தன. ஒளித்து வைக்கக் காரணம் அண்ணி. அண்ணி கையில் சிக்கினால் நடுவீட்டில் நின்று ராகம் போட்டு வாசிப்பாள். மோசமான மனுஷி கிடையாது. எதையும் சத்தமாக அனுபவிக்கிற பிறவி.

அந்த வீட்டில் எல்லோருக்கும் குவாரிதான் சோறு. அப்பா பாறையில் வெடிக்குத் துளை போடும் டிரில்லர். அவர் துளைத்து, வேறு ஆட்கள் வெடி வைத்து, லாரிகள் அள்ளிப் போகிற சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிவிடும். அந்தக் கல்லுக்குள்தான் சுருள்கற்கள் இருந்தன. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்டு, விலாவெலும்பு மாதிரி வரிவரியாக. புத்தகத்தில் அதற்கு அம்மோனைட் என்று பெயர். மனுஷன் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இந்த இடமெல்லாம் கடலாகக் கிடந்தபோது அதில் நீந்திய பிராணியின் ஓடு. அண்ணன் வேலை அதைத் தேடிப் பொறுக்கிச் சுத்தம் செய்து மியூசியத்துக்கும், ஆசைக்குச் சேர்க்கிறவர்களுக்கும் கொடுப்பது. உடைத்துக் கொட்டிய குவியல்களில்தான் அவன் தேடுவான். அங்கே மேல்கல்லும் கீழ்க்கல்லும் கலந்து கிடக்கும். அவளுக்குக் குவியல் பிடிக்காது. வெடி இல்லாத பக்கமாகப் பார்த்து, பாறையை வெட்டியெடுத்த சுவரின் காலடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்பாவுக்கு ஒரே நிபந்தனை. “தலையில ஹெல்மெட் இருக்கணும், காதுல என் குரல் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் வீட்டுக்குப் போயிடணும்.”

அந்தச் சுவரை அவள் தன் வீட்டுச் சுவரை அறிந்ததைவிட நன்றாக அறிவாள். அடியில் கறுப்புப் பட்டை, ஆள் உயரம் இருக்கும். அதற்கு மேல் மஞ்சள் பட்டை. உச்சியில் வெள்ளைப் பட்டை. கடல் தரையில் சேறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியது என்பதால் கறுப்புதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. சுருள்கற்களில் இரண்டு விதம் உண்டு. தட்டு அளவுக்குப் பெரியது ஒன்று. அதன் கடைசிச் சுற்று மழமழவென்று இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குவது இன்னொன்று. அது விளிம்புவரை முண்டுமுண்டாக இருக்கும். இரண்டு விதமும் மூன்று பட்டைகளிலும் கிடைத்தன. பல சமயம் பக்கத்தில் பக்கத்திலேயே. ஒருமுறை பெரியது ஒன்று விரிசல் விட்டு உடைந்தபோது அதன் உள்சுற்றுகளைப் பார்த்தாள். சின்னதன் அதே முண்டுகள், அதே இடைவெளி. வெளியே வளர்ந்த பின்தான் மழமழப்பு. இரண்டும் ஒரே வீட்டு ஆட்கள் என்று அன்றைக்கே நோட்டில் எழுதிவைத்தாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றோ, இது யாருக்காவது தெரியாமல் இருக்கும் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை.

படம் வந்த அன்றுதான் தெரிந்தது.

நீளமான அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வந்திருந்தது. மியூசியத்தில் சுருள்கல்லுக்கென்றே ஒரு புதுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் பதினொரு வருடமாக எழுதிவந்த புத்தகமும் அதோடு வெளிவரப்போகிறது. கூடத்தின் பெரிய சுவரில் வரையப்போகிற படத்தின் நகலைத்தான் அண்ணனுக்குச் சரிபார்க்க அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். கல் பிரிவில் மாதிரிகளைப் பாதுகாக்கும் நிரந்தர வேலைக்கு அண்ணனைப் பரிந்துரைத்திருப்பதாகவும், இந்தக் குவாரியின் அடுக்குகளை அவரைப்போல் அறிந்தவர் இல்லை என்று எழுதியிருப்பதாகவும் இருந்தது. குடியிருக்க நகரத்தில் வீடு உண்டு.

அண்ணி கடிதத்தை மூன்று முறை வாசித்தாள், மூன்று முறையும் உரக்க. பிறகு சுவரில் ஓடிய விரிசலைப் பார்த்து, “இனிமே நீ யாரைப் பயமுறுத்துவேன்னு பாக்கறேன்” என்றாள். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வெடிச் சைரன். அப்புறம் வீடே ஒரு குலுங்கு குலுங்கும். “எனக்கு வேற எந்த ஆசையும் இல்ல வாயாடி. சைரன் கேக்காத ஒரு ஊர்ல, ஒரே ஒரு நாள், மத்தியானம் படுத்துச் சாயங்காலம்தான் எழுந்திருக்கணும். பாத்திரம் விழுந்தாக்கூட எழுந்திருக்க மாட்டேன்.”

அண்ணன் படத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். மூலையைப் பிடிக்க அவளைக் கூப்பிட்டான். அவள் ஸ்டூலில் ஏறிப் பிடித்துக்கொண்டாள். நீல நிறத்தில் மூன்று கடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் இருந்த கடலில் பெரிய சுருள்கள் மட்டும். நடுவில் நடுத்தரம். மேலே பொடிசுகள். ஓரத்தில் விளக்கம் எழுதியிருந்தது: காலம் போகப் போகக் கடலில் இரை குறைந்தது, பிராணிகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தன, பெரிய இனம் அழிந்து சிறிய இனம் எஞ்சியது.

இது தப்பு என்று உடனே தெரிந்தது. எப்படி இப்படி ஒரு தப்பு வர முடியும் என்பதுதான் தெரியவில்லை. படத்தைவிட்டுக் கண்ணை எடுத்துப் பக்கத்தில் பார்த்தாள். அங்கே அண்ணனின் மர அலமாரி நின்றது. கனம் தாங்காது என்று பெரிய கற்களை அவன் எப்போதும் கீழ்த்தட்டில் வைப்பான். வளர்ந்து முடியாத நடுத்தரம் நடுத்தட்டில். நசுங்கிவிடாமல் பொடிசுகள் மேல்தட்டில். அவளே எத்தனையோ முறை அடுக்கியிருக்கிறாள். படத்தைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அந்தச் சுவரில் மாட்டியிருந்தது கடலின் படமே இல்லை. அவர்கள் வீட்டு அலமாரியின் படம்.

“ஆடாம பிடி” என்றான் அண்ணன், வாயில் ஆணியோடு.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இறக்கத்தில்தான் அவன் கல் சுத்தம் செய்வான். தண்ணீர்த் தொட்டி, பல்துலக்கும் பிரஷ்கள், சாக்கில் வரிசையாகக் குத்திவைத்த ஊசிகள், விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம்வரை உளிகள். அவன் கை அப்படிப்பட்ட கை. பாறைக்குள் சுருள் எங்கே முடிகிறது என்று உளியின் சத்தத்திலேயே சொல்லிவிடுவான். அவளுக்கு முதல் ஊசியைக் குடைக்கம்பியில் கூர் தேய்த்துச் செய்து கொடுத்தவனும் அவன்தான். அவள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றபோது ஊரெல்லாம் ஏன் என்று கேட்டது. அவன் கேட்கவில்லை. “வா, இதுல மண்ணை எடு” என்று ஒரு கல்லைக் கையில் கொடுத்தான். அதை அவள் மறந்தவள் இல்லை.

“அண்ணே.”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் தானாக வந்து கூப்பிடுவது அபூர்வம்.

“என்ன, பாம்பா?”

“இல்ல. அந்தப் படம் நம்ம அலமாரி.”

“அலமாரியா? என்ன உளர்றே?”

“மியூசியம் பாரத்துல எந்தப் பட்டைன்னு எழுத ஒரு கட்டம் இருக்குமே. அதை நீ அலமாரியைப் பாத்து எழுதினியா?”

அவன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பிரஷைத் தண்ணீருக்குள் போட்டான். அது மிதந்து ஒரு சுற்றுச் சுற்றி ஓரத்தில் ஒதுங்கியது.

“முதல் தடவை பாரம் வந்தப்ப வீட்ல முந்நூறு கல்லு இருந்துச்சு. எல்லாம் குவியல்ல பொறுக்கினது. எது எந்தப் பட்டைன்னு எந்தச் சாமி வந்து சொல்லும்? கட்டத்தைக் காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். கீழ்த்தட்டுல இருந்ததைக் கறுப்புன்னு போட்டேன். நடுத்தட்டு மஞ்சள். மேல்தட்டு வெள்ளை. ஏதோ ஒரு ஒழுங்கு வேணும்ல? அப்புறம் வருஷா வருஷம் அதே மாதிரி போட்டேன். மாத்திப் போட்டாத்தானே தப்பு?”

“மேடம் அதை வெச்சுப் புத்தகம் எழுதிட்டாங்க அண்ணே.”

“எழுதட்டும். செத்துப்போன நத்தை. பெருசு முன்னாடி போச்சா, சின்னது பின்னாடி போச்சான்னு அதுவா வந்து வழக்குப் போடப்போகுது?”

“நத்தை இல்ல” என்றாள் அவள். அது கணவாய் மீனுக்குச் சொந்தம் என்று அவனே சொல்லிக்கொடுத்ததுதான்.

வாசலில் அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. முகத்தில் சிரிப்பு இல்லை, குரலிலும் சத்தம் இல்லை. அண்ணி மெதுவாகப் பேசி அவள் கேட்டதே கிடையாது.

“வாயாடி, உன்னை நான் ஒரு நாளாவது பேசுன்னு வற்புறுத்தியிருக்கேனா? இல்லைல்ல? பேசாம இருக்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. இந்த ஒரு தடவையும் அப்படியே இரு. உங்க அண்ணனுக்கு இன்னொரு வேலை வராது.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். “நாளன்னிக்கு மேடம் வராங்க. நீயே சொல்லிடு அண்ணே. நீ சொன்னா அது தப்பு மட்டும்தான்.”

நான் சொல்லும்படி விட்டால் அது பொய் என்று ஆகிவிடும் என்பதை அவள் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்தது. பிரஷை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு நாட்கள் அவள் குழம்பிக் கிடந்திருப்பாள் என்று நினைத்தால் தப்பு. பயம் இருந்தது. அது வழக்கமாக இருக்கிற பயம். ஆட்கள் முன்னால் வாய் திறக்க வேண்டுமே என்ற பயம். ஆனால் விஷயத்தில் சந்தேகம் துளிகூட இல்லை. இழுப்பறையிலிருந்து ஐந்து நோட்டுகளையும் எடுத்து, கறுப்புப் பட்டையில் கிடைத்த சின்னது எத்தனை என்று பக்கம் பக்கமாக எண்ணினாள். அறுபத்தேழு. மறுபடி எண்ணினாள். அறுபத்தேழு. ஒவ்வொன்றும் கிடந்த கிடை கண்ணில் இருந்தது. அண்ணனுக்கு வேலை போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது தடவையும் எண்ணினாள். அறுபத்தேழு அறுபத்தாறாகவில்லை.

மேடம் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். மறுநாள் குவாரியில் அந்தச் சுவரை வெடிவைத்துத் தகர்க்கப்போகிறார்கள், அதற்குள் புத்தகத்துக்குக் கடைசிப் படங்கள் எடுத்துவிட வேண்டும் என்றார். அண்ணி நாற்காலியைத் துடைத்ததையே துடைத்தாள். அவளோ டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்போதும்போல் உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. மேடம் மேசையில் அட்டவணையை விரித்தார்.

“எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துது. கறுப்புப் பட்டையில சின்னது ஒண்ணுகூடவா வரல, இத்தனை வருஷத்துல? ஒண்ணு ரெண்டாவது வந்திருக்கணுமே.”

அண்ணன் டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினான். சொல்லிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அந்தச் சுற்று முடிகிறவரை நினைத்தாள்.

“இல்ல மேடம்” என்றான்.

“இருக்கு.”

யார் பேசியது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. மேடம் திரும்பினார்.

“என்னம்மா?”

“இருக்கு மேடம். அறுபத்தேழு.”

அண்ணி முந்திக்கொண்டாள். “மேடம், அவளுக்கு என்ன தெரியும்? ஒன்பதாவது தாண்டல. நீங்க டீயைக் குடிங்க, ஆறுது.” ஆனால் அதற்குள் ஐந்து நோட்டுகளும் மேசைக்கு வந்துவிட்டன. மேலே இருந்ததன் அட்டையில் ‘சமூக அறிவியல்’ என்று எழுதி, கீழே பள்ளியின் முத்திரை. மேடம் அதைப் பின்பக்கமிருந்து திறந்தார். முதல் பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். டீயின் மேல் ஆடை படிந்து சுருங்கியது. அண்ணன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அண்ணி அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அது விழாமல் தடுக்கிறவள்போல நின்றாள்.

மூன்றாவது நோட்டில் மேடம் ஒரு வரியில் விரல் வைத்தார். “‘ஒரே வீட்டு ஆட்கள்’னு எழுதியிருக்கே. ஏன்?”

“பெருசு உடைஞ்சா உள்ள சின்னதுதான் இருக்கு மேடம். ஒரு அளவு வரைக்கும் ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல.”

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “ஆணும் பெண்ணும்” என்றார் தனக்குத்தானே.

“அட, கல்லுக்கும் கல்யாணமா?” என்றாள் அண்ணி. சொன்ன பிறகுதான் தான் எதற்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

“இது நிஜம்னா என் பதினொரு வருஷ வேலை குப்பை” என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். “பத்து நாள்ல புத்தகம் அச்சுக்குப் போகுது. ஒரே வீட்ல ஒருத்தர் பாரத்துல ஒண்ணு எழுதியிருக்காரு, இன்னொருத்தி நோட்ல வேற எழுதியிருக்கா. நான் எதைம்மா நம்பறது?”

“ரெண்டையும் நம்ப வேணாம் மேடம். நாளைக்குத்தானே வெடி? இன்னிக்குச் சுவர் இருக்கு. வாங்க, பாக்கலாம். கறுப்புப் பட்டையில எந்த இடம்னு நீங்களே காட்டுங்க. நான் காட்டினா தெரிஞ்சு காட்டினதா ஆகிடும்.”

அவள் பிறந்ததிலிருந்து வெளி ஆள் முன்னால் இவ்வளவு பேசியதில்லை. குரல் நடுங்கவில்லை என்பதை அவளே கொஞ்சம் ஆச்சரியத்தோடு கவனித்தாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னது யாரோ எழுதிய பாடம். இது அவள் பாடம்.

குவாரியில் அப்பா டிரில்லை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மறுநாள் வெடிக்கான துளைகள் மேலே வரிசையாகத் தயாராக இருந்தன, மருந்து இன்னும் போடவில்லை. விஷயத்தை யாரும் அவருக்கு விளக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். “மேல தளர்ந்த கல்லு எதுவும் இல்ல. இன்னிக்கு வெடி தூரத்துச் சுவர்லதான், நாலு மணி வரைக்கும் இருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலிருந்து ஏதாவது விழுகிறதா என்று பார்க்கத் தோதாகத் தள்ளி நின்றுகொண்டார்.

மேடம் சுவரின் நீளத்துக்கு ஒரு நடை நடந்தார். அவள் ஒருநாளும் உட்கார்ந்திராத கிழக்கு மூலைக்குப் போய், கறுப்புப் பட்டையில் இடுப்பு உயரத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். கதவு அகலக் கட்டம்.

உளியை எடுத்தவன் அண்ணன். யாரும் சொல்லவில்லை, அது அவன் வேலை. அவனைவிட நன்றாக அதைச் செய்ய அங்கே ஆளில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து விழுகிற துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் வெறும் கல். சிப்பி ஓடுகள், மீன் பல் ஒன்று. வெயில் சுவரில் மோதித் திரும்பி முகத்தில் அடித்தது. மேடம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பிறகு உளியின் சத்தம் மாறியது. பெரிய சுருள் ஒன்றின் முதுகு தெரிந்தது. அதை முழுதாக வெளியே கொண்டுவர முக்கால் மணி ஆனது. தட்டு அளவு, மழமழவென்று, கறுப்புப் பட்டையில். அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. மேடம் அவளைப் பார்த்தார். அவள், “இன்னும் கட்டம் முடியல” என்றாள்.

மணி இரண்டரை இருக்கும். டிக், டிக், டிக் என்று போய்க்கொண்டிருந்த உளி நின்றது.

மேடம் நோட்டில் குனிந்திருந்தார். அப்பா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உளி நின்றதைக் கவனித்தது அவள் மட்டும்தான். அந்தக் கையின் சத்தத்தை வைத்தே அது எதைத் தொட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தாள். பாறையில் மிளகு அளவுக்கு ஒரு முண்டு. பக்கத்தில் இன்னொன்று. அண்ணன் அதை அவளுக்கு முன்பே பார்த்துவிட்டான். உளி அதன்மேல்தான் இருந்தது. சுத்தி உயர்ந்தே இருந்தது. ஒரே தட்டு. தூளாகிவிடும், கல்லோடு கல்லாக விழும், கேட்டால் சிப்பி என்று சொல்லிவிடலாம். அவன் வாழ்நாளில் ஆயிரம் கல் உடைத்தவன், ஆயிரத்தொன்று ஒரு கணக்கே இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேடத்தைக் கூப்பிடவும் இல்லை. கையை நீட்டவும் இல்லை.

அண்ணன் சுத்தியைக் கீழே வைத்தான். உளியையும் வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததைப்போல ஒரு வேலையை அவள் அவனிடம்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முண்டையும் சுற்றி ஊசியால் மண்ணைச் சுரண்டி, வாயால் ஊதி, பிரஷால் ஒரு தடவு தடவி, அரை மணி நேரத்தில் அந்தச் சின்னச் சுருளை ஒரு கீறல் இல்லாமல் சுவரிலேயே நிற்கும்படி திறந்துவிட்டான். பெரியதிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரே சேற்றில், ஒரே கோணத்தில் சாய்ந்து கிடந்தது. மேடம் வந்து மண்டியிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரியதைத் தொட்டார், சின்னதைத் தொட்டார், இரண்டுக்கும் நடுவில் இருந்த கல்லைத் தொட்டார். “சரி” என்றார். “அச்சை நிறுத்தச் சொல்லணும்.”

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “அப்ப பாரத்துல…” என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

மணி மூன்றாகப்போகிறது. தூரத்து வேறொரு சுவருக்கான வெடிச் சைரன் ஊதத் தொடங்கியது. அவள் மடியில் நோட்டை வைத்து எழுதினாள். தேதி. கறுப்புப் பட்டை, கிழக்கு மூலை. பெரியது இருபத்திமூன்று சென்டிமீட்டர். சின்னது ஆறரை. இடைவெளி நான்கு விரல். இதுவரை அவள் நோட்டில் இல்லாத ஒரு வரியை அதற்குக் கீழே சேர்த்தாள்: சுவரிலிருந்து எடுத்தது அண்ணன்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பக்கம் தெரிந்தது. மூன்று வருடமாக அவள் எழுதிவந்தும், அவன் அந்த நோட்டுக்குள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலிருந்து கீழாக வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றான். கண்ணை எடுக்க நேரமானது.

தூரத்தில் வெடித்தது. பாதத்துக்குக் கீழே தரை ஒருமுறை அசைந்து அடங்கியது.

அண்ணன் எழுந்தான். கையிலிருந்த தூசியைக் கால்சட்டையில் தட்டிக்கொண்டான். மேடத்தையோ அப்பாவையோ பார்க்காமல் லாரிப் பாதையில் மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தான். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒரு டேங்கர் எதிரே இறங்கி வந்தது. ஓரமாக ஒதுங்க நிறைய இடம் இருந்தது. அவன் ஒதுங்கவில்லை, நின்றான். தண்ணீர் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. டிரைவர் தலையை நீட்டி ஏதோ கத்தினான். அவன் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறிப் போனான். ஈரப் பாதையைத் தாண்டி வெள்ளைத் தூசிக்குள் அவன் கால் பட்ட இடமெல்லாம் கறுப்பாகத் தடம் விழுந்து, அவன் வளைவில் மறைகிறவரை ஒவ்வொன்றாக உலர்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது.